ஒன்றரை லிட்டர் நியாயம்

குடிநீர் வாரியத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்வதற்கு அது இருந்தால் மட்டும் போதாது. இருக்கிறது என்று மூன்று பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால், பிறகு அந்தப் பொருள் இல்லாமல் போனாலும் பாதகமில்லை. இந்த நுட்பம் தெரியாமலே அங்கே பத்தொன்பது வருஷம் புல் வெட்டியவர் ஒருவர் உண்டு. அவரை ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். அவர் வெட்டி முடித்த புல்தரையில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கும் என்று யாரோ சொல்லப்போக, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

சுத்திகரித்த தண்ணீர் ஊருக்குள் போவதற்கு முன்னால் மூன்று பெரிய நிலத்தடித் தொட்டிகளில் தங்கிப் போகும். தொட்டிகளின் கூரைமேல் மண், மண்மேல் புல். புல்லைக் கவனிக்காமல் விட்டால் அதனோடு செடி வரும், செடியோடு வேர் வரும், வேர் கான்கிரீட்டைப் பிளக்கும், ஊர் குடிக்கிற தண்ணீரில் மண் கலக்கும். ஆகவே இங்கே புல் வெட்டுவது சாதாரண வேலை அல்ல என்று வாரியத்தின் ஆண்டறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவ்வளவு முக்கியமான வேலை என்பதால் அதற்கு ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள்.

அந்த ஓர் ஆளின் வலது முழங்கால், தள்ளுமெஷினுக்குப் பின்னால் நடந்து நடந்து தேய்ந்துபோனது. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒண்ணு இருக்கணும். அதைக் காணோம்."

"எங்க டாக்டர் போச்சு?"

"நடந்தே போயிடுச்சு. இனிமே நடந்து வெட்டாதீங்க. உட்கார்ந்து வெட்டுற வண்டி இருந்தா வெட்டுங்க, இல்லன்னா விட்டுடுங்க."

விட்டுவிடுவதற்கு இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்தது. வாரிய விதி சுருக்கமானது: உடல்தகுதி இழந்தவர் வீட்டுக்குப் போகலாம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி வந்தால் ரசமட்டத்துக்கு வேலை உண்டு. வராவிட்டாலோ, வந்து திரும்பிப் போனாலோ, அவரும் போக வேண்டியதுதான்.

வண்டியை வரவழைத்தது மச்சினன். மனைவியின் தம்பி, வாரியத் தலைமை அலுவலகத்தில் இயந்திரப் பிரிவு எழுத்தர். படிக்கிற காலத்தில் ஆறு வருஷம் அக்கா வீட்டில் தங்கி, அத்தான் சைக்கிளை மிதித்துக் கல்லூரிக்குப் போய், அத்தானின் ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலை வாங்கியவன். "நான் உள்ள இருக்கேன்ல அத்தான், நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க?" என்பது அவன் அடிக்கடி சொல்கிற வாக்கியம். ஒன்றரை வருஷம் கோப்பைத் தள்ளினான். ரசமட்டம் ஒன்றரை வருஷம் நொண்டிக்கொண்டே மெஷினைத் தள்ளினார். கடைசியில் கோப்பு முந்தியது.

வண்டி சிவப்பாக இருந்தது. இருக்கைக்குக் கைப்பிடி, இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங். லாரியிலிருந்து இறக்கும்போதே ரசமட்டம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் மூடியின் மேல், குருடன்கூடத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: 'ஆயில் தொழிற்சாலையிலேயே நிரப்பப்பட்டுள்ளது. கொள்ளளவு ஒன்றரை லிட்டர். மேற்கொண்டு ஊற்ற வேண்டாம்.'

வாரியத்தின் சொத்து எண் சீட்டை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. எல்லோர் கண்ணிலும் படும் இடம் அந்த மஞ்சள் சீட்டு இருந்த இடம்தான். ஸ்டோர் அதிகாரி அதன் மேலேயே வைத்து, நான்கு மூலையையும் கட்டைவிரலால் தேய்த்து ஒட்டினார்.

"சார், அடியில ஒரு சீட்டு இருந்துச்சு. படிச்சீங்களா?"

"படிக்கிறதுக்குள்ள ஒட்டிட்டேன். என்ன போட்டிருந்துச்சு?"

"ஆயில் ஊத்தியாச்சு, மேல ஊத்தாதீங்கன்னு."

"ஊத்தினதுக்கு ரசீது வந்திருக்கா?"

"ரசீது எதுக்கு சார்? குச்சியை இழுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்." ரசமட்டம் எஞ்சினின் பக்கவாட்டிலிருந்த ஆயில் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி சொருகி எடுத்துக் காட்டினார். எண்ணெய் சரியாக மேல் கோட்டில் நின்றது.

ஸ்டோர் அதிகாரி குச்சியைப் பார்க்கவில்லை. பரிதாபத்தோடு அவரைப் பார்த்தார். "குச்சியில தெரியறது வெறும் உண்மைப்பா. நான் கேக்கறது ஆவணம். எண்ணெய் இல்லாத இயந்திரத்தை இருப்புல ஏத்தக்கூடாதுன்னு விதி. எண்ணெய் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஊத்தினாத் தெரியும்."

ஊற்றினார். ஸ்டோரில் ஒரு லிட்டர் டப்பாதான் இருந்தது. பிரித்த டப்பாவை அலமாரியில் வைக்க விதியில்லை என்பதால் முழுவதையும் ஊற்றினார்.

அடுத்த வாரம் துவக்க விழா. தொட்டிமேட்டில் நாற்காலி போட்டார்கள், மைக் கட்டினார்கள். வெட்ட வேண்டிய புல்லின் மேல் ஐம்பது பேர் உட்கார்ந்து அதை மிதித்தார்கள். ரிப்பன் ஒன்று தயாராக இருந்தது. இயக்குநர் அதைக் கையால் விலக்கினார்.

"ரிப்பன் வெட்டறது ஜவுளிக்கடைத் திறப்புக்குச் சரி," என்றார் மைக்கில். "நாம பொறியாளர்கள். நான் இந்த வாரியத்துல சேர்ந்த புதுசுல ஒரு பம்ப்பைத் தொட்டுப் பாத்திருக்கேன். அதுக்கப்புறம் பதவி உயர்வு வந்துகிட்டே இருந்ததால இயந்திரங்களைத் தொடறதுக்கு நேரம் கிடைக்கல. இருபத்தேழு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் மறுபடி தொடறேன். இந்த வண்டிக்கு முதல் எண்ணெயை என் கையால ஊத்தப் போறேன்."

கைதட்டல் அடங்கியதும் புத்தம்புதுப் பித்தளைப் புனல் ஒன்று தட்டில் வந்தது. ரசமட்டம் வண்டிக்குப் பக்கத்தில், சலவைச் சட்டையோடு நின்றிருந்தார். மெல்லக் குனிந்து, "சார், ஏற்கெனவே ரெண்டு தடவை…" என்றார்.

"பேசாதீங்க அத்தான், படம் எடுக்கறாங்க," என்றான் பின்னாலிருந்து மச்சினன்.

இயக்குநர் கால் லிட்டர் ஊற்றினார். ஊற்றும்போது கண்ணை மூடிவிட்டதாகப் படம் எடுத்தவர் சொன்னதால், கண்ணைத் திறந்துகொண்டு இன்னொரு கால் லிட்டர் ஊற்றினார்.

மறுநாள் ரசமட்டம் குச்சியை எடுத்துப் பார்த்தார். மேல் கோட்டைத் தாண்டி, குச்சியின் கழுத்துவரை எண்ணெய். பத்தொன்பது வருஷம் ஒரு தள்ளுமெஷினைக் குழந்தையாக வளர்த்தவர் அவர். எஞ்சினுக்கு எண்ணெய் குறைந்தால் எவ்வளவு ஆபத்தோ கூடினாலும் அவ்வளவு ஆபத்து என்று தெரியும். குறைந்தால் தேயும்; கூடினால் நுரைக்கும், புகையும், கடைசியில் நுரை வழவழப்புத் தராமல் அப்போதும் தேயும். நேராக இயக்கப் பொறியாளரிடம் போனார். அவர், புகார் என்றால் படிவத்தில் வர வேண்டும் என்றார்.

படிவத்தில் 'எண்ணெய்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள் இருந்தன: குறைவு, மிகக் குறைவு, அறவே இல்லை. ரசமட்டம் நான்காவதாகக் கையால் ஒரு கட்டம் போட்டு, 'அதிகம்' என்று எழுதி, அதில் டிக் அடித்தார். மூன்று நாளில் படிவம் திரும்பி வந்தது. அச்சிட்ட படிவத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு தாளும் கூடவே வந்தது.

இதற்குள் ஒருமுறை வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்து, ஓட்டிப் பார்த்தார். இருநூறு அடி போவதற்குள் வண்டியின் பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை கிளம்பி, வடிகட்டி அறையில் இருந்தவர்கள் தீயணைப்பு மணியை அடித்துவிட்டார்கள்.

மாலையில் மச்சினன் வீட்டுக்கு வந்தான். அக்கா கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டே படிவத்தைப் பார்த்தான்.

"என்ன அத்தான் இது? 'அதிகம்'னு எழுதினா யார் வருவாங்க? அதிகம்னு புகார் கொடுத்தா, அப்போ யாரோ ஊத்தினதாகும். யார் ஊத்தினது? இயக்குநர் ஊத்தினது."

"அவர் மட்டுமாடா ஊத்தினாரு?"

"அவர் ஊத்தினதுக்குத்தான் போட்டோ இருக்கு. நான் சொல்றதைக் கேளுங்க. 'குறைவு'ல டிக் அடிங்க. கம்பெனி மெக்கானிக் வருவாரு. நேர்ல அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லுங்க. வந்தவர் கண்ணால பாத்து எடுத்துட்டுப் போவாரு. படிவம்கிறது என்ன, ஆளைக் கூப்பிடற மணி."

"பொய்யில்லையாடா?"

"நான் உள்ள இருக்கேன்ல."

ரசமட்டம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தன் தம்பி முகத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர். குச்சியை எடுத்துப் பார்த்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது எஞ்சினா, எண்ணெய்க் கிணறா?"

"அதைத்தான் சொல்றேன். எடுத்துடுங்க."

"எடுக்கலாம்ணே. ஆனா என் ஆர்டர்ல 'குறைவு, அரை லிட்டர் சேர்க்கவும்'னு இருக்கு." பையிலிருந்து அரை லிட்டர் டப்பாவை எடுத்தார்.

"கண்ணால பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். கண்ணு எனக்குச் சம்பளம் கொடுக்கலையே. ஊத்தாமப் போனா நான் வரவே இல்லைன்னு எழுதிடுவாங்க."

"கீழ ஊத்திடுங்க. ஊத்தினதாப் போட்டுக்கலாம்."

மெக்கானிக் கீழே பார்த்தார். கீழே குடிநீர்த் தொட்டி. "இங்க கீழ ஊத்தினா ஊரையே கொன்னதா எழுதுவாங்க," என்று சொல்லி, எஞ்சினிலேயே, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார். ஊற்றி முடித்ததும் ரசமட்டத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

அதற்குப் பிறகு வண்டி புகைவதோடு சொட்டவும் தொடங்கியது. நீர்த்தர ஆய்வகத்துக்காரர்கள், லட்சம் லிட்டருக்கு எத்தனை துளி குளோரின் என்று எண்ணிப் போடுகிறவர்கள், ஓடி வந்தார்கள். தொட்டிமேட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தக்கூடாது என்று வண்டியின் வயிற்றுக்கடியில் ஒரு தகரத் தட்டைக் கட்டினார்கள். தட்டில் சேர்வது வாரியத்தின் சொத்து என்பதால் தினமும் மாலையில் அதை எஞ்சினிலேயே திரும்ப ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ரசமட்டம் ஊற்றினார். வண்டி இரவில் சொட்டியதை மறுநாள் மாலை குடித்தது.

பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். "வெள்ளிக்கிழமை இயக்குநர் ஆய்வுக்கு வர்றாரு. அன்னைக்குப் புகை வந்தா வண்டி திரும்பிப் போகும்."

"அப்போ நான் சார்?"

பொறியாளர் மேஜைமேலிருந்த கோப்பைத் தூக்கிக் காட்டினார். வண்டியின் கோப்பும் ரசமட்டத்தின் மருத்துவக் கோப்பும் ஒரே நாடாவில் கட்டப்பட்டிருந்தன. "தனித்தனியாப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை," என்றார் வருத்தத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் ஸ்பேனரோடு வந்தான். உண்மையிலேயே வந்தான், இதைச் சொல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். "அத்தான், யாரையும் நம்பி பிரயோஜனம் இல்லை. நாமளே எடுத்துடுவோம். ஏதாவது கேள்வி வந்தா நான் பொறுப்பு." ரசமட்டத்தால் முழங்காலை மடக்க முடியாது. மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நகர்ந்தார். மச்சினன் குனிந்து டார்ச் அடித்தான். போல்ட்டைத் தளர்த்தியதும் எண்ணெய் கறுப்பு நூலாக இறங்கியது. குச்சியில் மேல் கோடு வரும் வரை எடுத்து, மறுபடி முடுக்கினார். புகையாகப் போனது போக, கேனில் சரியாக ஒன்றரை லிட்டர். உள்ளே, இருக்க வேண்டிய ஒன்றரை லிட்டர். வாரியத்தின் பொருள் என்பதால் அவர் கேனைக் கழுவித் துடைத்து, தேதி எழுதிய காகிதத்தை ஒட்டி, கருவி அறையில் வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. திருடனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

திங்கட்கிழமை வண்டியைக் கிளப்பினார். புகை இல்லை. ஒரு பூனை உறுமுகிற சத்தம், அவ்வளவுதான். முதல் தொட்டிமேட்டின் விளிம்பிலிருந்து நேர்க்கோடு பிடித்து ஓட்டினார். திரும்பினார். பக்கத்தில் இன்னொரு கோடு. வெட்டின புல்லின் ஈர வாசனை முகத்துக்கு வந்தது. பத்தொன்பது வருஷமும் அந்த வாசனை அவருக்குப் பாதத்திலிருந்துதான் வந்திருக்கிறது. உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தால் தன் புல்தரை இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மேட்டையும் நான்கு நாளில் முடித்தார். வியாழன் மாலை மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கவில்லை. மனைவியிடம் அதைச் சொல்லாமல், படியில் இன்னொரு தடவை இறங்கி ஏறிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார். வண்டி ஓடியது. பார்த்தவர் உருகிவிட்டார். "என்னய்யா, வெண்ணெய் மாதிரி ஓடுது. புகைஞ்சுதுன்னு சொன்னாங்களே, எப்படிச் சரியாச்சு?"

இயக்குநருக்குப் பின்னால் மச்சினன் நின்றிருந்தான். அவனுடைய பதவி உயர்வுக் கோப்பு இயக்குநர் மேஜையில் இருப்பது ரசமட்டத்துக்குத் தெரியும். 'எடுத்துட்டோம்' என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கி, "அதிகமா இருந்த ஆயிலை எடுத்துட்டேன் சார்," என்றார்.

இயக்குநர் வண்டியைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"அதிகமா இருந்ததா?" என்றார் இயக்குநர். "நான் ஊத்தினது அதிகமா?"

விசாரணைக் குழு அமைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. வண்டிக்கு ஒன்றரை வருஷம் எடுத்த வாரியம் அது. எண்ணெய் விஷயம் தெரிந்தவர்கள்தான் குழுவில் இருக்க வேண்டும் என்பதால், எண்ணெய் ஊற்றிய இயக்குநர் தலைவர். எண்ணெய் ஊற்றிய ஸ்டோர் அதிகாரி உறுப்பினர். ஊற்றச் சொல்லி மெக்கானிக்கைக் கூப்பிட்ட பொறியாளர் இன்னொரு உறுப்பினர். குழுவின் எழுத்தர் மச்சினன். மச்சினன் பெயரைப் பார்த்ததும்தான் ரசமட்டத்துக்கு மூச்சு வந்தது. உள்ள ஒருத்தன் இருக்கான்.

நீள மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவர்கள் அதைக் குடிப்பதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மேஜையின் நடுவில் ரசமட்டம் துடைத்து வைத்த கேன்.

"ஸ்டோர் ஊத்தினது எவ்வளவு?" என்றார் தலைவர்.

"விதிப்படி ஒரு லிட்டர். பதிவேட்டுல இருக்கு."

"நான் ஊத்தினது, சடங்குக்குத் தேவையான அளவு. போட்டோ இருக்கு. மெக்கானிக் ஊத்தினது, ஆர்டர்ல உள்ள அளவு. ஆக, எல்லாருமே சரியான அளவுதான் ஊத்தியிருக்கோம். ஒருத்தர்கூட அதிகமா ஊத்தல. யாருமே அதிகமா ஊத்தாத எண்ணெய் எப்படிய்யா அதிகமாகும்?"

"எல்லாம் சேர்ந்து சார்…"

"சேர்த்துப் பாக்கறது கணக்குப் பிரிவு வேலை. அவங்க குழுவுல இல்லை."

பொறியாளர் ஒரு தாளை முன்னால் தள்ளினார். "இது உங்க கையெழுத்துதானே? 'எண்ணெய் குறைவு'. நீங்களே டிக் அடிச்சிருக்கீங்க."

ரசமட்டம் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் எழுதிக்கொண்டிருந்தான். அவன் கையெழுத்து அழகாக இருக்கும். அத்தான் வாங்கிக் கொடுத்த இரண்டுகோடு நோட்டில் பழகியது.

"குறைவா இருந்த வண்டியிலேர்ந்து இன்னும் எடுத்திருக்கீங்க," என்றார் தலைவர். "அதுலயும் ஒரு அதிசயம். இது ஒன்றரை லிட்டர் எஞ்சின். கேன்ல ஒன்றரை லிட்டர் இருக்கு. ஒன்றரையிலேர்ந்து ஒன்றரை போனா மிச்சம் என்ன?"

"சைபர் சார்."

"ஆனா எஞ்சின்ல ஒன்றரை இருக்கு. அப்போ கேன்ல இருக்கறது எஞ்சின்லேர்ந்து வந்ததில்லை. ஸ்டோர்லேர்ந்து வந்தது."

ஸ்டோர் அதிகாரி, தன் ஸ்டோரில் ஒரு சொட்டும் குறையவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். தலைவர் பார்த்த பார்வையில், குறைந்திருக்கலாம் என்று மூடிக்கொண்டார்.

"சார், ஆயிலை இறக்கினப்போ கூட ஆள் இருந்தது," என்றார் ரசமட்டம். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தார். திருட்டு என்று வந்தபிறகு முடியவில்லை. "அவரையே கேளுங்க. இங்கதான் இருக்காரு."

எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். அவன் பேனாவை மூடி வைத்தான்.

"நான் அன்னைக்கு அந்தப் பக்கம் போனது உண்மைதான் சார். அத்தான்… இவர் கையில ஒரு கேன் இருந்ததைப் பாத்தேன்." பிறகு பேனாவைத் திறந்து, தான் சொன்னதைத் தானே பிழையில்லாமல் எழுதிக்கொண்டான்.

தலைவர் நியாயமான மனிதர் என்று பெயர் எடுத்தவர். "ஒருத்தர் வேலை விஷயம். சோதனை பண்ணாம முடிவெடுக்க மாட்டேன்," என்றார். "இந்த எண்ணெய் எஞ்சினுக்குள்ள இருந்ததுதான்னு இவர் சொல்றாரு. சரி, திரும்ப ஊத்துவோம். கொள்ளலைன்னா இவர் சொன்னது பொய்."

"கொண்டுட்டா சார்?" என்றார் ரசமட்டம் ஆவலோடு.

"ஊத்துங்க, பாப்போம்."

எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள். பித்தளைப் புனலை மச்சினன் பிடித்தான். ஒன்றரை லிட்டரும் தொண்டைக்குழிவரை ஏறி, நின்றது. சிந்தவில்லை. "பாருங்க சார், கொண்டுடுச்சு. உள்ள இருந்ததுதான்," என்றார் ரசமட்டம்.

"ஆமா, கொண்டுடுச்சு," என்றார் தலைவர். "கொள்றது எப்படி அதிகமாகும்?"

இயந்திரத்துக்குத் தேவையான எண்ணெயை அகற்றினார் என்றும், அகற்றிய எண்ணெயை வாரியம் மீட்டுத் திரும்ப நிரப்பியது என்றும் தீர்ப்பு எழுதப்பட்டது. கருணை அடிப்படையில் வீட்டுக்கு அனுப்பவில்லை. வாசல் காவலுக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி கிடையாது. காவலர் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது விதி.

வீட்டில் மனைவி சாப்பாடு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என் தம்பி என்ன சொன்னான்?"

"கேனைப் பாத்தேன்னு சொன்னான்."

"டார்ச் அடிச்சதைச் சொல்லலையா?"

"அதை யாரும் கேக்கலை."

"கேட்டாத்தான் சொல்லணுமா? வாய்ல என்ன வச்சிருந்தான்?" என்றாள். தட்டில் ரசத்தை ஊற்றினாள். பிறகு, "சின்ன வயசுலேர்ந்தே பயந்தவன்," என்றாள். அதையும் சொல்லியிருக்கக்கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்; எழுந்து போய், தம்பி வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட டம்ளரை அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்துக்குத் தள்ளினாள்.

ரசமட்டம் வாசலில் நின்றார். வலதுகாலில் ஐந்து நிமிஷம், இடதுகாலில் இருபது நிமிஷம். தொட்டிமேட்டில் புது ஆள் வண்டி ஓட்டினார். இயக்குநர் அறைக்கு வெளியே பியூனாக உட்கார்ந்திருந்தவர். சைக்கிள்கூட ஓட்டியதில்லை, அதனால் பழைய கெட்ட பழக்கங்கள் இல்லாதவர் என்று உத்தரவில் பாராட்டியிருந்தார்கள். புகை தினமும் வந்தது. 'புகை இயல்பானது' என்று எழுதிய பலகை ஒன்றை மேட்டில் நட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் காலை, புகை வரவில்லை. ஒரு சத்தம் வந்தது. உரலில் கல்லைப் போட்டு இடித்த மாதிரி. பிறகு அதுவும் வரவில்லை. பலகை மட்டும் நின்றது.

அதற்கு மூன்றாம் நாள் உள்ளேயிருந்து வாசலுக்கு லாரி வந்தது. சிவப்பு வண்டியைக் கயிறு போட்டு மேலே கட்டியிருந்தார்கள். முன்னால் மச்சினன் இறங்கினான். புதுச் சட்டை, புதுப் பதவி. இப்போது அவன் இயந்திரப் பிரிவு மேற்பார்வையாளர். கையில் அட்டையோடு ஒரு படிவம்.

"அத்தான், சாப்பிட்டீங்களா? அக்கா போனே எடுக்க மாட்டேங்குது."

"எங்க போகுது வண்டி?"

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பறோம். தயாரிப்புக் கோளாறு." குரலைத் தாழ்த்தினான். "நல்ல நிலையில வெளிய போச்சுன்னு வாசல் காவலர் கையெழுத்து வேணும். அப்பத்தான் கம்பெனி ஒத்துக்கலைன்னாலும் வழியில ஏதோ ஆச்சுன்னு லாரிக்காரன் தலையில போயிடும், நமக்கு ஒண்ணும் வராது. சும்மா ஒரு படிவம்தான். அந்த ஆறாவது கட்டம், 'எண்ணெய் நிலை சரிபார்க்கப்பட்டது', அதுக்கு நேர நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

லாரிக்காரர் வண்டி மேல் கயிறைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது எதுவும் கேட்கவில்லை.

"சரிபாத்துட்டுப் போடறேன்," என்றார் ரசமட்டம்.

"அத்தான், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நான் உள்ள இருக்கேன்ல…"

"நீ உள்ளதான்டா இருக்கே. வெளிய நிக்கிறது நான்."

முழங்காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்து, லாரியின் மேல் ஏறினார். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பக்கவாட்டில் குச்சியை உருவினார். கழுத்துவரை எண்ணெய், கறுப்பாக, நுரையோடு. செத்துப்போன பிறகும் அதற்கு வயிறு நிறைந்திருந்தது. குச்சியைத் துடைக்கத் துணி தேடவில்லை. இறங்கிவந்து, மச்சினன் நீட்டிக்கொண்டிருந்த படிவத்தை வாங்கி, ஆறாவது கட்டத்துக்கு நேராக, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், குச்சியை ஒரு புறமும் மறு புறமும் திருப்பி நிதானமாகத் துடைத்தார். காகிதத்தின் அடுத்த பக்கம் வரைக்கும் ஊறியது.

"என்ன அத்தான் இது?"

"ஆவணம்."

மச்சினன் அந்தக் கறையையே பார்த்தான். அவன் கண் கலங்கின மாதிரி இருந்தது. எண்ணெய் நெடியாகவும் இருக்கலாம். உள்ளேயிருந்து, லாரி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று பொறியாளர் கத்தினார். மச்சினன் கட்டங்களை எண்ணினான். ஒன்று முதல் ஆறு வரை எதுவும் காலியாக இல்லை. சட்டைப்பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, கறையின் மேலேயே குத்தினான்.

ரசமட்டம் வாசலைத் திறந்துவிட்டார்.